கனமாகவும் தூக்க வேண்டும், நெடுநேரம் தாங்கவும் வேண்டும்: வாரத்தில் 4 நாளை எப்படிப் பிரிப்பது?

மலைச்சரிவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வயது 34, எடை 62 கிலோ. மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். வாரத்தில் 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது. ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 80 கிலோவில் 5 ரெப், அதாவது தொடர்ந்து 5 முறை. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) 110 கிலோ ஒரு ரெப், பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) 45 கிலோவில் 5 ரெப். டெட்லிஃப்டில் 85 கிலோவைத் தாண்டினால் ஸ்ட்ராப் (மணிக்கட்டையும் கம்பியையும் சேர்த்துக் கட்டும் நாடா) கட்டிக்கொள்வேன்.

போன வருடம் மலையேறுபவர்களுக்கான மீட்புக் குழு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பயிற்சியில் ஸ்ட்ரெச்சரை 6 பேர் தூக்குவோம், பக்கத்துக்கு 3 பேர். ஆள் எடையுள்ள பொம்மையும் ஸ்ட்ரெச்சரும் சேர்ந்து 90 கிலோ. சமதளத்தில் ஒருவருக்கு 15 கிலோதான் வரும். சரிவில் இறங்கும்போது கீழ்ப்பக்கம் இருப்பவர்களுக்கு அது 20, 25 என்று ஏறும். 6 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம்.

மூன்றரை நிமிடத்தில் என் விரல்கள் பிரிய ஆரம்பித்துவிடுகின்றன. முன்கை கல்லாக இறுகிவிடுகிறது. "மாத்துங்க" என்று குரல் கொடுப்பது ஒவ்வொரு முறையும் நான்தான். ஜிம் பக்கமே போகாத, என்னைவிட ஒல்லியான ஒரு பெண் 6 நிமிடமும் பேசிக்கொண்டே நடக்கிறார். படுத்திருப்பது இப்போது பொம்மை. நாளை உண்மையான ஆளாக இருக்கும்போது என் கை விட்டுப்போனால் என்ன ஆகும் என்ற நினைப்பு இரவில் கூட வருகிறது.

குழுத் தலைவர் சொன்னது: "எடையைக் குறை, ரெப்பைக் கூட்டு." ஜிம் கோச் சொன்னது: "ரெப்பைக் கூட்டினால் இருக்கிற பலமும் போகும்." இரண்டையும் விடக் கூடாது என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வழக்கமான கன செட்டுகள் (ஒரு செட் என்பது நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ரெப்) முடிந்ததும், அதே பயிற்சியைப் பாதி எடையில் 25 ரெப். செட்டுகளுக்கு இடையில் ரெஸ்ட் 45 விநாடி மட்டும். 4 நாளும் இப்படியே, 7 வாரம்.

பலன் இது: ஸ்குவாட்டில் 72.5 கிலோவுக்கே 5 ரெப் முக்கி முக்கி வருகிறது. ஸ்ட்ரெச்சரில் மூன்றரை நிமிடம் நான்கு நிமிடமானது, அவ்வளவுதான். வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வேறு.

14 வாரத்தில் தகுதித் தேர்வு இருக்கிறது. பலமா, தாக்குப்பிடிப்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமா? இரண்டையும் 4 நாளில் அடக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுந்தூரம் எழுதியது:

அக்கா, நான் சைக்கிள்காரன். ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டுவேன். என் அனுபவத்தில் உடம்பு எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதில்தான் தேறும். 14 வாரம்தான் இருக்கிறது என்றால் பார்பெல்லை (எடை மாட்டிய நீளக் கம்பியை) ஓரமாக வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் எடைக்குச் சமமான ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் நடங்கள். தேர்வு முடிந்ததும் கன எடைக்குத் திரும்பலாம். நான் சீசனில் ஜிம் பக்கம் போவதே இல்லை, எந்தக் குறையும் தெரியவில்லை.

பழைய லோடுமேன் எழுதியது:

சகோதரி, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை கண்ணுல படாம ரெண்டாவது தடவை பட்டது ஒரே ஒரு சொல். ஸ்ட்ராப்.

85 கிலோவுக்கு மேல ஸ்ட்ராப் கட்டித்தான் டெட்லிஃப்ட் போடுறீங்க. அப்போ 110 கிலோங்கிறது உங்க தொடை, இடுப்பு, முதுகோட கணக்கு. விரலோட கணக்கு 85-லயே நின்னுபோச்சு, அதுவும் ரெண்டு கையும் சேர்ந்து. ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கிறது ஒத்தைக் கை. உங்ககிட்ட பலம் இல்லைன்னு நான் சொல்லல. ஸ்ட்ரெச்சர் கேட்கிற இடத்துக்கு அந்தப் பலம் இன்னும் வந்து சேரல.

என் கதையைச் சொன்னா விஷயம் விளங்கும். 19 வயசுலேர்ந்து 33 வரைக்கும் லாரியில மூட்டை ஏத்தி இறக்குற வேலை. மூட்டை 50 கிலோ. நாலு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 300 மூட்டை வரைக்கும் பார்ப்போம். ஆரம்பத்துல எனக்குக் காலையில ஒண்ணும் தெரியாது, மதியத்துக்கு மேல ஒவ்வொரு மூட்டையும் முதுகுல ஏறும்போது கண்ணு இருட்டும். 26 வயசுல, வேலை முடிஞ்சு வாரம் ரெண்டு சாயங்காலம் மட்டும் பார்பெல் பிடிக்க ஆரம்பிச்சேன். ஸ்குவாட், டெட்லிஃப்ட், தலைக்கு மேல பிரஸ், அவ்வளவுதான். 5 ரெப்புக்கு மேல போனதில்ல. ஒன்றரை வருஷத்துல ஸ்குவாட் 70 கிலோவுலேர்ந்து 120-க்கு வந்தது. அதே மூட்டை, அதே லாரி, அதே பலகை. ஆனா சாயங்காலம் நாலு மணி மூட்டை காலையில பத்து மணி மூட்டை மாதிரி இருந்தது. தாக்குப்பிடிக்கிறதுக்குன்னு நான் தனியா எந்தப் பயிற்சியும் பண்ணல. வேலையே அந்தப் பயிற்சி. குறைஞ்சிருந்தது பலம், அது வந்ததும் மூட்டை சின்னதாயிடுச்சு.

அடுத்தது இதுக்கு நேர் எதிரா நடந்தது. 30 வயசுல 5 மாசம் லாரி வேலை இல்ல. ஜிம் மட்டும்தான். ஸ்குவாட் 130 ஆச்சு. என் வாழ்க்கையில அதுவரைக்கும் அவ்வளவு பலமா இருந்ததே இல்ல. திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், நாற்பதாவது மூட்டையில தொடை ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. பலம் கூடியிருக்கு, தாங்குற சக்தி கரைஞ்சுபோயிருக்கு. ஒரே உடம்புல ரெண்டையும் பார்த்தவன் நான். அதனால உங்க கோச்சும் தலைவரும் சொன்ன ரெண்டுலயும் பாதிப் பாதி உண்மை இருக்குன்னு எனக்குத் தெரியும்.

தூக்குற எடை மாறாம இருக்கும்போது முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, அந்த எடை உங்க உச்ச பலத்துல எத்தனை சதவீதம்? ஒத்தைக் கையில அதிகபட்சம் 30 கிலோ பிடிக்கிறவங்களுக்கு 15 கிலோங்கிறது சரிபாதி. 50 கிலோ பிடிக்கிறவங்களுக்கு அதே 15 கிலோ 30 சதவீதம்தான். தசை இறுகிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்போது உள்ளே ஓடுற ரத்தக் குழாய்களையும் அதுவே நசுக்குது. பிடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு ரத்தம் குறையும். பாதி பலத்தை இடைவிடாம போட்டா ஒரு நிமிஷம், அதுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான் யாராலயும் முடியும். கால்வாசிக்கும் கீழே வந்துட்டா கணக்கே வேற, நிமிஷக் கணக்கா தாங்கும். உங்க கூட வர்ற ஒல்லியான பொண்ணுக்குப் பிடி பலம் எவ்வளவுன்னு ஒரு நாள் அளந்து பாருங்க. கையால வேலை செஞ்சு வளர்ந்தவங்களா இருக்கலாம், சுவர் ஏறிப் பழகினவங்களா இருக்கலாம்.

சைக்கிள் தம்பி சொன்னது பாதி சரி. செய்யிறதுலதான் உடம்பு தேறும், மறுக்கல. ஆனா சைக்கிள்ல ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படுறது உச்ச பலத்துல சின்ன பங்கு. அங்கே பலம் தடையா நிக்கிறதில்ல. சகோதரிக்குச் சரிவுல ஒத்தைக் கையில 25 கிலோ வருது. அங்கே பலமே தடை. பார்பெல்லை ஓரமா வச்சா 15 கிலோவுல நடக்கத் தேறுவாங்க, சரிவுல அதே இடத்துல கை பிரியும்.

உங்க 7 வாரம் ஏன் பலிக்கலைன்னும் சொல்லிடுறேன், அதுலதான் நிறையப் பேர் மாட்டுறாங்க. கன செட்டுக்கு 45 விநாடி ரெஸ்ட் பத்தவே பத்தாது. ஒரு கன செட்டுல தசை செலவழிக்கிற உடனடி எரிபொருள் பெரும்பாலும் திரும்ப நிரம்ப 3 நிமிஷமாவது ஆகும். அதுக்குள்ள அடுத்த செட் போட்டா எடையைக் குறைக்க வேண்டி வரும். அப்போ அது கனமும் இல்ல, லேசும் இல்ல. மேல 25 ரெப். நாலு நாளும் அதையே பண்ணினதால எந்த நாளும் நீங்க புதுசா, ஓய்வா பாருக்குக் கீழே போகல. 72.5 கிலோன்னு காட்டுறது பலம் போனதை இல்ல, அலுப்பு சேர்ந்ததை. 5 நாள் ஒண்ணும் தூக்காதீங்க. நடங்க, தூங்குங்க. அதுக்கப்புறம் ஒரு சின்ன சோதனை: டம்பெல்லை ஒத்தைக் கையில எடுத்து, நேரா நின்னு, 3 விநாடி பிடிக்க முடிஞ்ச அதிகபட்ச எடை எவ்வளவு? வலது, இடது தனித்தனியா. அடுத்த நாள் 16 கிலோவை எவ்வளவு நேரம் பிடிக்க முடியுது? முழங்கை வலிச்சா அந்தக் கையை விட்டுடுங்க. எண்ணைக் கொண்டுவாங்க, மிச்சத்தைப் பேசுவோம்.

ஆய்வுப்பக்கம் எழுதியது:

அக்கா, நான் உடற்பயிற்சி அறிவியல் படிக்கும் மாணவன். லோடுமேன் ஐயா அனுபவத்தில் சொன்னது பாடப்புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று மட்டும் சேர்க்கிறேன்.

இந்த விவாதம் 1940-களிலேயே தொடங்கிவிட்டது. தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குக் கன எடைப் பயிற்சி கொடுத்துத் தேற்றியவர். 1945-இல் எழுதிய கட்டுரையில், கன எடை குறைந்த ரெப் பலத்தைத் தரும், லேசான எடை அதிக ரெப் தாங்குதிறனைத் தரும், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது என்று பிரித்துச் சொன்னார்.

1982-இல் ஆண்டர்சனும் கியர்னியும் இதை பெஞ்ச் பிரஸில் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்கள், வாரம் 3 நாள், 9 வாரம். ஒரு குழுவுக்கு 6 முதல் 8 ரெப் மட்டுமே வரும் கன எடையில் 3 செட். இன்னொன்றுக்கு 30 முதல் 40 ரெப் வரும் எடையில் 2 செட். மூன்றாவது குழுவுக்கு 100 முதல் 150 ரெப் வரும் எடையில் ஒரே செட். பலம் முறையே 20, 8, 5 சதவீதம் கூடியது. பிறகு அவரவர் புதிய உச்ச பலத்தில் குறிப்பிட்ட சதவீத எடையை வைத்து எத்தனை ரெப் வருகிறது என்று பார்த்தபோது, கனக் குழு சுமார் 7 சதவீதம் இறங்கியது. மற்ற இரண்டும் 22, 28 சதவீதம் ஏறின. உங்களுக்கு முக்கியமானது அடுத்த அளவீடு. முன்னும் பின்னும் மாறாத ஒரே எடையை வைத்துப் பார்த்தபோது கனக் குழு உட்பட மூன்றுமே முன்னேறின. உங்கள் ஸ்ட்ரெச்சர் மாறாத எடைதானே.

கோச் பயப்படுவதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 1980-இல் ராபர்ட் ஹிக்ஸன் வெளியிட்டது. 10 வாரம், பலப் பயிற்சி வாரம் 5 நாள், ஓட்டமும் சைக்கிளும் வாரம் 6 நாள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 7 வாரம் வரை பலம் ஏறி, பிறகு நின்று, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது. பலப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கடைசி வரை ஏறியது. ஆனால் அது வாரத்துக்கு 11 பயிற்சி. 4 நாள் செய்யும் ஒருவர் அந்த முடிவை அப்படியே தனக்கு எடுத்துக்கொள்வது பொருந்தாது. உங்களுக்கு 7 வாரத்தில் இறங்கியதற்குக் காரணம், ஒரே தசையை ஒரே நாளில் இரண்டு விதமாகவும் பிழிந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

மலைச்சரிவு எழுதியது:

லோடுமேன் அண்ணா, ஸ்ட்ராப் விஷயத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருடமாகக் கட்டுகிறேன், ஒருமுறைகூட அதை ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து யோசித்ததில்லை.

5 நாள் ஓய்வு எடுத்தேன். ஒரு கையில் உச்சம்: வலது 38 கிலோ, இடது 32 கிலோ. மறுநாள் 16 கிலோவைப் பிடித்தது வலது 1 நிமிடம் 50 விநாடி, இடது 1 நிமிடம் 10 விநாடி. ஆறாம் நாள் ஸ்குவாட்டும் போட்டுப் பார்த்தேன், 77.5 கிலோவில் 5 ரெப் சுத்தமாக வந்தது. நீங்கள் சொன்னது சரி, அது அலுப்புதான்.

அப்படியானால் சமதளத்திலேயே என் வலது கை 40 சதவீதத்தில் வேலை செய்கிறது, இடது கை கிட்டத்தட்டப் பாதியில். சரிவில் 25 கிலோ வரும்போது இடது கைக்கு அது 78 சதவீதம்! இந்தக் கணக்கை நான் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். முழங்கை வலி ஓய்வில் குறைந்தது, கதவுப் பிடியைத் திருகும்போது மட்டும் சுருக்கென்கிறது. இதோடு பிடிப் பயிற்சி செய்யலாமா?

கைத்தாங்கல் எழுதியது:

தோழி, நான் பிசியோதெரபிஸ்ட். நேரில் பார்க்காமல் இது இன்ன வலி என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, இரவில் வலித்தாலோ, விரல்களில் மரப்பு இருந்தாலோ யாரிடமாவது நேரில் காட்டுங்கள்.

பொதுவாகச் சொல்லக் கூடியது இது. முழங்கையின் வெளிப்புறத்தில்தான் மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகளின் தசைநாண் எலும்பில் ஒட்டுகிறது. நாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு மடங்காமல் காக்க அந்தத் தசைகளும் வேலை செய்கின்றன. தசை சில வாரங்களில் தேறிவிடும், தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் பழகும். பழக்கமில்லாத முன்கைக்கு ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான ரெப் கொடுத்ததுதான் உங்களுக்குப் பிரச்சினை ஆகியிருக்கும். முழு ஓய்வும் நீண்ட நாளுக்கு உதவாது. வலி 10-க்கு 3-ஐத் தாண்டாத எடையில், அசையாமல் பிடிப்பதில் தொடங்குங்கள்: 30 முதல் 45 விநாடி, 4 அல்லது 5 முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எடை அதிகம் என்று அர்த்தம்.

ஸ்ட்ரெச்சர் பற்றியும் ஒரு வார்த்தை. பல குழுக்கள் தோளில் மாட்டும் நாடாவை ஸ்ட்ரெச்சர் கம்பியோடு இணைத்துப் பிடிக்கின்றன. எடையின் ஒரு பங்கு தோளுக்குப் போய்விடும். உங்கள் குழுவில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். நோயாளியைக் கீழே போடாமல் இருப்பதற்காக அந்த நாடாவை மாட்டுவதில் எந்தக் குறைவும் இல்லை. பிடியைப் பிடிக்கும்போது விரல் நுனியில் தொங்கவிடாமல் உள்ளங்கை வரை கம்பியை ஏற்றிப் பிடியுங்கள், மணிக்கட்டு நேராக இருக்கட்டும். நகரும்போது தோளைக் காதுப் பக்கம் தூக்காதீர்கள்.

பழைய லோடுமேன் எழுதியது:

எண்ணோட வந்ததுக்கு நன்றி சகோதரி. டாக்டரம்மா சொன்ன முழங்கை விஷயத்தை முதல் ரெண்டு வாரம் அப்படியே கடைப்பிடிங்க, நான் சொல்றது அதுக்கு மேல.

14 வாரத்துல 13 மிச்சம். இதை நடுவுல வெட்டிக்குவோம். முதல் 6 வாரம் பலத்துக்கு மூணு நாள், தாங்குறதுக்கு ஒரு நாள். அடுத்த 6 வாரம் அப்படியே திருப்பி, தாங்குறதுக்கு மூணு நாள், பலத்துக்கு ஒரு நாள். கடைசி வாரம் பாதி வேலை. ஏன் இந்த வரிசைன்னா, பலம் மெதுவா வரும், வந்தா சீக்கிரம் போகாது. தாங்குற சக்தி சில வாரத்துல ஏறும், விட்டா அதே வேகத்துல இறங்கும். அதனால அதைத் தேர்வுக்குப் பக்கத்துல வச்சுக்கணும். பலத்தைக் காப்பாத்த ஒரே நாள் போதுமாங்கிற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆய்வுத் தம்பி மாதிரி ஒருத்தர் எனக்குக் காட்டின 2011 ஆய்வு ஒண்ணுல, 16 வாரம் வாரம் மூணு நாள் பயிற்சி செஞ்சவங்க, அப்புறம் 32 வாரத்துக்கு ஒன்பதுல ஒரு பங்கா குறைச்சும், அதாவது வாரம் ஒரு நாள், பயிற்சிக்கு ஒரே செட், ஏறின பலத்தைப் பெரும்பாலும் தக்கவச்சிருந்தாங்க. எண்ணிக்கையைக் குறைக்கலாம், எடையைத்தான் குறைக்கக் கூடாது.

பலத்துக்கான நாள்னா என்ன? ஸ்குவாட் 4 ரெப், 4 செட், நடுவுல 3 நிமிஷம் முழுசா உட்காருங்க. எந்த செட்டுலயும் இன்னும் ஒரு ரெப், ரெண்டு ரெப் வரும்ங்கிற இடத்துல நிறுத்திடுங்க. டெட்லிஃப்ட் ஸ்ட்ராப் இல்லாம. 70 கிலோவுக்கு இறங்கி ஆரம்பிங்க. பாரைக் கீழே வைக்கிறதுக்கு முன்னால கடைசி ரெப்புல 10 விநாடி பிடிச்சு நில்லுங்க. அந்த 10 விநாடியிலதான் உங்க விரல் பலம் வளரப் போகுது. உங்க 110 கொஞ்ச நாளைக்குக் கண்ணுல படாது, அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. பலத்துக்கான இன்னொரு நாள் ரோ (எடையை வயித்துப் பக்கம் இழுக்குறது), பிரஸ், அப்புறம் ரெண்டு கையிலயும் டம்பெல்லோட 20 மீட்டர் கன நடை, நாலு தடவை. 24 கிலோவுல தொடங்கி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 2 கிலோ ஏத்துங்க. பலத்துக்கான மூணாவது நாள் முதல் நாளோட லேசான நகல், ரெண்டு செட் குறைவு. பலத்துக்கான நாள்ல 20 ரெப், 25 ரெப் எதையும் ஒட்டவைக்காதீங்க. மனசு கேட்காது, "இன்னும் தெம்பு இருக்கே"ன்னு தோணும். அந்தத் தெம்போடதான் வீட்டுக்குப் போகணும்.

தாங்குற நாள் வேற மாதிரி. ஒத்தைக் கையில 12 கிலோ, பெட்டியைத் தூக்கிட்டுப் போற மாதிரி நேரா நடை. 60 விநாடி வலது, 60 விநாடி இடது, 60 விநாடி ரெஸ்ட். அப்படி 6 சுற்று. முதல்ல நேரத்தை ஏத்துங்க, 90 விநாடி சுலபமா வந்ததுக்கு அப்புறம் எடையை 14, 16-ன்னு ஏத்துங்க. ரெண்டையும் ஒரே வாரத்துல ஏத்தாதீங்க. இடது கை எப்பவும் முதல்ல. அப்புறம் முதுகுல 10 கிலோ பையோட படி ஏறி இறங்குறது 15 நிமிஷம். இறங்குறதுல கவனமா இருங்க. மலைச்சரிவுல தொடை போறது இறங்கும்போதுதான், அந்த வலி மறுநாள்தான் தெரியும். கடைசியா லேசான ரோ 20 ரெப், 2 செட். விரல் பிரியிற வரைக்கும் எந்தச் சுற்றையும் இழுக்காதீங்க. கை விட்டுப்போற பழக்கத்தையே பயிற்சி ஆக்கிடக் கூடாது.

ரெண்டாவது பாதியில மூணு தாங்குற நாள் வரும்போது மூணும் ஒரே மாதிரி வேண்டாம். ஒரு நாள் நீளம், ஒரு நாள் கனம், ஒரு நாள் ஸ்ட்ரெச்சர் மாதிரியே: ஒத்தைக் கையில 16 கிலோ, 6 நிமிஷம் நடை, நடுவுல கை மாத்தலாம், 6 நிமிஷம் ஓய்வு, மூணு தடவை. மேடு பள்ளமான தரை கிடைச்சா அங்கேயே பண்ணுங்க.

இன்னொண்ணு, மூச்சு. மூட்டை தூக்கும்போது புதுசா வந்த பையன்கள் எல்லாம் மூச்சை அடக்கிக்கிட்டே நடப்பாங்க. தூக்குற கணத்துக்கு மட்டும் அடக்குங்க, நிமிர்ந்ததும் விட்டுடுங்க. பேசிக்கிட்டே நடக்குற உங்க தோழி அதைத்தான் தன்னையறியாம பண்றாங்க.

நெடுந்தூரம் எழுதியது:

ஐயா, சதவீதக் கணக்கு எனக்குப் புரிந்தது. மலைப்பாதையில் சைக்கிளை நின்று மிதிக்கும்போது என் கால் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கும் இதே காரணம்தானோ என்று இப்போது தோன்றுகிறது. சீசனிலும் வாரம் ஒரு நாள் ஸ்குவாட் போட்டுப் பார்க்கிறேன்.

மலைச்சரிவு எழுதியது (13 வாரம் கழித்து):

எல்லாருக்கும் வணக்கம். தேர்வு போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. எண்களை எழுதிவிடுகிறேன், இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு உதவும்.

ஒரு கையில் உச்சம் வலது 46, இடது 40. 16 கிலோவைப் பிடிப்பது வலது 3 நிமிடம் 20 விநாடி, இடது 2 நிமிடம் 40 விநாடி. ஸ்குவாட் 82.5 கிலோவில் 5 ரெப். கடைசி 6 வாரம் வாரத்துக்கு ஒரே நாள்தான் போட்டேன், இறங்கவில்லை. டெட்லிஃப்ட் ஸ்ட்ராப் இல்லாமல் 97.5 கிலோ. ஸ்ட்ராப் பையில் கிடக்கிறது.

நான்காவது வாரத்தில் முழங்கை மறுபடியும் சுருக்கென்றது. கன நடையில் ஒரே வாரத்தில் 4 கிலோ ஏற்றிவிட்டேன், காரணம் அதுதான். இரண்டு வாரம் பின்னால் போய் மறுபடி ஏறினேன். அதன்பிறகு வலி இல்லை. பலத்துக்கான நாளில் தெம்போடு வீட்டுக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. முதல் மாதம் முழுக்க, போதுமான அளவு செய்யவில்லை என்ற குற்ற உணர்வோடுதான் ஜிம்மை விட்டு வெளியே வந்தேன்.

தேர்வில் சமதளச் சுற்று இரண்டையும் வலது கையில் முழு 6 நிமிடம் பிடித்தேன். சரிவில் என்னைக் கீழ்ப்பக்கம், இடது கை பிடிக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். ஐந்தாவது நிமிடத்தில் விரல்கள் இளக ஆரம்பித்தன. தோள் நாடாவை மாட்டியிருந்தேன், அதற்கு எடையைக் கொடுத்துவிட்டு மூச்சை விட்டேன். 6 நிமிடம் முடிந்தது என்று தலைவர் சொல்லும்வரை ஸ்ட்ரெச்சர் ஆடவில்லை. தேர்ச்சி.

அந்த ஒல்லியான தோழியிடம் பிடியை அளக்கக் கேட்டேன். அவருடைய வலது 52, இடது 50. சிறு வயதிலிருந்தே கிணற்றில் நீர் இறைத்தவராம். இப்போது இருவரும் சேர்ந்து பயிற்சி செய்கிறோம். அவருக்கு நான் ஸ்குவாட் சொல்லிக்கொடுக்கிறேன், என் இடது கையை அவர் பார்த்துக்கொள்கிறார்.